யாருக்குக் கொண்டுவந்த சோறு?

தாய்மார்களே! உழைத்து உண்ணும் தோழர்களே! இந்த வாரம் உங்களைக் கதை கேட்க அழைக்கவில்லை. சாட்சி பார்க்க அழைக்கிறேன்.

வாருங்கள். மாட்டுங்காவில் காலைக் காப்பி குடித்துவிட்டு ஆபீசுக்கு ரயிலேறும் அன்பர்களும் வரலாம். செம்பூர்க் குவார்ட்டர்ஸில் இந்தப் பத்திரிகையைப் பிரித்து மடியில் வைத்திருக்கும் சகோதரிகளும் வரலாம். சயானைத் தாண்டி தாராவிச் சந்துக்குள் திரும்பியதும் மூக்கைப் பொத்தத் தோன்றும். பொத்திக்கொள்ளுங்கள், குற்றமில்லை. கண்களை மட்டும் மூடிவிடாதீர்கள்!

ஏனெனில் அங்கே ஒரு தோல்ஷாப்பில், பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, ஆறு பெண்கள் காணாமற்போகிறார்கள். எவரும் கடத்திச் செல்லவில்லை. எந்தக் கிணற்றிலும் அவர்கள் விழவில்லை. நின்ற இடத்திலேயே, தம் கால்மீது தாம் நின்றபடியே, இல்லாமற்போகிறார்கள். அந்த மாயத்தை இன்று நீங்கள் நேரில் காணப்போகிறீர்கள்.

சென்ற வாரம் பூதத்தானின் இடக்கையை டிரம்மின் பெல்ட்டு இழுத்ததையும், இரண்டு விரல்கள் போனதையும் படித்துவிட்டுப் பலர் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். விரல் போனவனுக்கு என்ன வழி என்று கேட்டீர்கள். வழி இருக்கிறது. வழியின் குறுக்கே ஆளும் இருக்கிறான். அதுதான் கதை.

சயான் ஆஸ்பத்திரி டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துச் சொன்னது ஒன்றே: மூன்று மாதம் இந்தக் கையில் சுண்ணாம்புத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டிவரும்.

சுண்ணாம்புத் தொட்டியில் தோலை முக்கி எடுத்துப் பிழைக்கிறவனுக்கு இது வைத்தியமா, தீர்ப்பா? வீட்டில் இருந்தால் கை பிழைக்கும், வயிறு பிழைக்காது. வேலைக்குப் போனால் வயிறு பிழைக்கும், கை போய்விடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சட்டம் இருக்கிறது. தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் என்று அதற்குப் பெயர். மின்சாரம் ஓடுகிற தொழிற்சாலையில் இருபது பேர் கூலிக்கு வேலை செய்தால் அத்தனை பேரையும் அதில் பதிந்தாக வேண்டும். வேலையில் அடிபட்டவனுக்கு வைத்தியம் உண்டு. காயம் ஆறுகிறவரை வீட்டிலிருந்து உண்ணப் பணமும் உண்டு.

ஆனால் கோமதிநாயகம் முதலாளியின் ஷாப்பில் இருபது பேர் இல்லையாம். அடிபட்ட பூதத்தானையும் சேர்த்துப் பதினேழு பேர்தானாம்!

*

மழை விடியலிலேயே பிடித்துக்கொண்டது. பூதத்தானின் கோலியில், அந்த ஒற்றையறை வீட்டின் தகரக் கூரையில், அதன் இரைச்சல் அடங்குமுன் வாசலில் ஒரு குடை மடங்கியது. குனிந்து உள்ளே வந்தவர் நயினார். பூதத்தானின் மனைவி பேராச்சிக்கு உடன்பிறந்த அண்ணன். ஷாப்பில் மேஸ்திரி. தங்கையையும் தங்கை புருஷனையும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்து, முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கித் தந்து, இந்தக் கோலியையும் பிடித்துக் கொடுத்தவர்.

"என்ன மாப்ளே, எந்திரிச்சாச்சா?"

"வாங்க மச்சான். ராத்திரி முழுக்கக் கை தூங்க விட்டாத்தானே எந்திரிக்கதுக்கு," என்றான் பூதத்தான். கட்டுப்போட்ட கை, பழந்துணித் தொட்டிலில் கழுத்திலிருந்து தொங்கிற்று.

நயினார் சட்டைக்குள்ளிருந்து, மழை படாமல் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். இங்கிலீஷில் அடித்த தாள். அந்த அறையில் இருந்த மூவருக்கும் அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

"முதலாளி நல்ல மனசோட அனுப்பியிருக்காவ. நம்ம ஷாப்புக்குன்னு ஆரோக்கிய நிதி ஒண்ணு தொடங்குதாவ. பகார்ல, சம்பளத்துல, மாசம் ஒத்த ரூவா பிடிப்பாவ. நம்ம டாக்டரு, நம்ம மருந்து. சர்க்கார் ஆபீசு வாசல்ல போயி நிக்க வேண்டாம். இதுல ஒரு கைநாட்டு, அம்புட்டுதான்."

"நம்ம டாக்டரா?" அடுப்படியிலிருந்து பேராச்சியின் குரல் வந்தது. "தலைவலிக்கும் செவப்புத் தண்ணி, வயித்துவலிக்கும் செவப்புத் தண்ணி. ஆறுமுகத்தாய் அக்காவுக்கு முழங்கால் நோவுக்கும் அதத்தான் கொடுத்தாரு. அவ அதக் கொண்டுபோயி கதவு நிலையில அடிச்சா. இன்னிக்கு வரைக்கும் கரையான் எட்டிப் பாக்கல!"

பூதத்தான் சிரித்துவிட்டான். சிரிப்பு கைவரை போய் வலியாகத் திரும்பி வந்தது.

"ஏளா, வாயக் கொஞ்சம் குறை," என்றார் நயினார். அவருக்கும் உதட்டோரம் துடித்தது.

"தாள்ல என்ன எழுதியிருக்கு அண்ணே?"

"சர்க்கார் இன்ஷூரன்ஸ் வேண்டாம், நிதி போதும்னு இருக்கு. அப்புறம்..." நயினார் கூரையைப் பார்த்தார். "குழாயடியில வழுக்கி விழுந்ததுல கையில அடின்னு இருக்கு. அதெல்லாம் சும்மா எழுத்து."

பேராச்சி எழுந்து வந்து அண்ணன் முன் நின்றாள்.

"குழாயடியில விழுந்தா ரெண்டு விரலு எப்பிடிண்ணே போவும்? குழாய் கடிச்சுதா?"

நயினார் தாளையும் மைப்பெட்டியையும் பாயில் வைத்தார்.

"சரி, கைநாட்டு வச்சாச்சுன்னு வச்சுக்க. இவிய வீட்ல இருக்கலாமா?"

"நாளைக்கே வரட்டும்னுட்டாவ. ஒத்தக் கையால முடிஞ்சதப் பாக்கட்டும்."

"தொட்டிக்கிட்டயா?"

"பின்ன? தோல்ஷாப்புல தொட்டி இல்லாம பூந்தோட்டமா இருக்கு?" நயினார் சலிப்போடு குடையை எடுத்தார். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வாராராம். யாரோ பெட்டிஷன் போட்டிருக்கான். நீ வேலைக்கு வந்திரு பேராச்சி. அரைக்கூலியாச்சும் மிஞ்சும். டிரம்முல தட்டுத சத்தம் கேட்டா என்ன செய்யணும்னு தெரியும்லா?"

"தெரியும்."

அவர் இடுப்பில் ஒரு சாவி ஆடிற்று. உப்புக் கிடங்கின் சாவி. சென்ற ஆயுதபூஜையன்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு மாலை போட்டு, "இனி நீ கூலி இல்லை நயினாரு, பங்காளி" என்று சொல்லிக் கொடுத்தது. அன்றிலிருந்து ஷாப்பின் ஆள்கணக்கில் அவர் பெயர் இல்லை. பங்காளியைக் கூலியாட்களோடு யாராவது எண்ணுவார்களா?

அண்ணன் போனபின் பேராச்சி புருஷனின் அருகில் அமர்ந்தாள்.

"நான் சாயங்காலம் வந்து சொல்லுத வரைக்கும் மையத் தொடாதிய."

"உங்க அண்ணன்கூட நீ பகையாயிரக் கூடாதுளா. இந்த ஊர்ல உனக்கு என்னைய விட்டா அவரு. எனக்கு உன்னைய விட்டா அவரு. வேற யாரு இருக்கா?"

"கை?"

பூதத்தான் கையைப் பார்த்தான். கட்டுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று அதற்கே தெரியாதது போல அது கிடந்தது.

"சரி. நீ வார வரைக்கும் தொடல," என்றான்.

*

இனி ஷாப்புக்குள் வாருங்கள்.

ஒருபுறம் சுண்ணாம்புத் தொட்டிகள். மறுபுறம் மின்சாரத்தில் உருளும் பெரிய மர டிரம். நடுவே, தரையெல்லாம் உப்பு. லாரியில் வந்திறங்கும் பச்சைத்தோலில் அழுகாதிருக்கப் போட்ட உப்பை, ஒவ்வொரு தோலாகத் தூக்கி உதறுவது பெண்களின் வேலை. உதறும் உப்பு கண்ணில் விழும். நகக்கண்ணில் புகும். விரலிடுக்கில் வெடித்த பிளவில் போய் உட்கார்ந்துகொண்டு அன்று முழுவதும் அங்கேயே குடியிருக்கும்.

வேலை உண்டு, கூலி உண்டா என்கிறீர்களா? உண்டு. ஆனால் அது பெண்ணின் கைக்கு வராது. புருஷனின் கூலியோடு கொஞ்சம் கூட்டி அவனிடம் கொடுத்துவிடுவார்கள். ஜோடிக் கூலி என்று அதற்குப் பெயர். மாடு இரண்டு, நுகம் ஒன்று, கணக்கில் ஒரு மாடு!

முதலாளி மட்டுமா குற்றவாளி? சாட்சிக்கு வந்தவர்களிடம் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பொய் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. 'எங்க வீட்டுப் பொம்பள வேலைக்குப் போறதில்ல' என்று ஊருக்கு எழுதிப் போட ஆண்களுக்கு ஆசை. தோல்ஷாப்பில் உப்பு உதறுகிறாள் என்று சொந்தபந்தம் அறியக்கூடாதே என்று பெண்களுக்குப் பயம். உழைப்பதில் வெட்கப்படக் கற்றுக்கொடுத்த சமுதாயமே, உன் வெட்கத்தைத்தான் முதலாளி காசாக மாற்றிக்கொள்கிறான்!

ஆகவே ஒரு நாடகம். பெண்கள் காலையில் வரும்போது தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார்கள். வாளி சுவரோரம் வரிசையாக இருக்கும். அதிகாரி எவராவது வருகிறார் என்றால் நயினார் இரும்புத் தடியால் டிரம்மை இருமுறை தட்டுவார். உடனே பெண்கள் கையை முந்தானையில் துடைத்து, வாளியைத் தூக்கி, அவரவர் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து சோறு பரிமாறத் தொடங்குவார்கள். கேட்டால் ஒரே பதில்: "சோறு கொண்டாந்தோம்."

அந்த நாடகத்தின் தலைசிறந்த நடிகை யார் தெரியுமா? நம் பேராச்சிதான். சென்ற முறை இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோது மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொள்ள, அவள் நிமிர்ந்து, "அய்யா, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்களேன். கருவாட்டுக் குழம்புதான், உங்களுக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டாள். ஐயரான அந்த இன்ஸ்பெக்டர் பதறிச் சிரித்துப் பதினேழு என்று எழுதிக்கொண்டு போனார். ஷாப்பே சிரித்தது. பூதத்தான், இரண்டு கையாலும் கைதட்டிச் சிரித்தான்.

இன்று உப்பை உதறியபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் பேராச்சி.

"என்னளா, தோலப் போட்டு இந்த அடி அடிக்க? ஆடு செத்துப் பல நாளாச்சு," என்றாள் ஆறுமுகத்தாய். பெண்களில் மூத்தவள், வாய்க்குப் பெயர்போனவள்.

"அக்கா, நாம பேர் கொடுத்தா என்ன?"

"எதுக்கு?"

"இன்ஷூரன்சுக்கு. ஆஸ்பத்திரியில வரிசையில நிக்கையில ஒரு மராட்டிக்காரி சொன்னா. மில்லுல வேல பாக்கா. கையில அடிபட்டா அவளுக்குப் பணம் வருமாம். பிள்ளைப்பேறுன்னா வீட்ல இருக்கப் பணம் வருமாம். புருசன் பேர்ல இல்ல, அவ பேர்ல."

"வரும், வரும். பகார்ல மாசாமாசம் பிடிப்பானே, அது யாரு அப்பன் வீட்டுப் பணம்?"

"நிதிக்கும்தானே பிடிக்கப் போறான்? செவப்புத் தண்ணிக்கு ஒரு ரூவா!"

"எனக்கு வேண்டாம்மா. எம் பேரு ஆபீசுல ஏறி, அது எம் மகன் மாமனாரு காதுல விழுந்து... தோலு உதறுதவளா சம்பந்தின்னு கேப்பாரு."

அடுத்த குவியலில் இருந்தவள் சைனப். டிரம் ஓட்டும் ஜெயினுலாப்தீனின் மனைவி. கடைசிக் குழந்தைக்குத் தொப்புள்கொடி காயுமுன் இதே உப்புக்குத் திரும்பி வந்தவள். மார்பில் பால் கட்டி, இதே சுவரில் சாய்ந்து அழுதவள். அவள் கையிலிருந்த தோலை மெல்லக் கீழே வைத்தாள்.

"பிள்ளைப்பேறுக்கா? நெசமாவா சொல்லுதே பேராச்சி?"

பேராச்சி பதில் சொல்லுமுன், டிரம்மின்மேல் இரும்பு விழுந்தது.

டங். டங்.

*

பாருங்கள் தோழர்களே, பாருங்கள்! உப்புக் குவியலின் முன்னிருந்த பெண்கள் மறைகிறார்கள். ஆறுமுகத்தாய் வாளியோடு புருஷனிடம் ஓடுகிறாள். சைனப் ஓடுகிறாள். மற்ற மூவரும் ஓடுகிறார்கள். மூடிகள் திறக்கின்றன. சோற்று மணம் எழுகிறது. ஒரு நொடியில் அந்தத் தொழிற்சாலை குடும்பங்கள் கூடி உண்ணும் பந்தியாகிவிட்டது.

ஒருத்தி மட்டும் நிற்கிறாள்.

வாளி அவள் கையில் இருக்கிறது. கால் போக இடமில்லை. அவள் புருஷன் இன்று ஷாப்பில் இல்லை. யார் பக்கத்தில் உட்காருவாள்? யாருக்குப் பரிமாறுவாள்?

இத்தனை காலம் குறையின்றி ஓடிய நாடகத்தில், முதலாளியும் மேஸ்திரியும் ஒரு நடிகரை மறந்துவிட்டார்கள். விரலைத் தின்ற அந்த டிரம்தான் அவரை மேடையிலிருந்து இறக்கியது.

"ஏளா, இங்கன வா! எம் பக்கத்துல உக்காரு!" நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அதற்குள் குடையிலிருந்து நீர் சொட்ட இன்ஸ்பெக்டர் வேங்கடசுப்ரமணியன் வந்துவிட்டார். மாட்டுங்காக்காரர். மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையை, உள்ளே ஆட்கள் இருப்பதைக் கண்டதும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அந்த மரியாதை அவரிடம் இருந்தது.

"முதலாளி இல்லையா?"

"அவசர ஜோலியா வெளிய போயிருக்காவ சார். நான் இருக்கேன். நான் பங்காளி," என்றார் நயினார்.

இன்ஸ்பெக்டர் ஆண்களை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதினார். பூதத்தானின் பெயரையும் எழுதி, 'விடுப்பு' என்று குறித்தார். "அப்போ பதினேழு. இவாள்லாம்?"

"சோறு கொண்டாந்தோம்," என்றாள் ஆறுமுகத்தாய். நீண்ட பழக்கம், நாக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

இன்ஸ்பெக்டரின் பார்வை நின்றுகொண்டிருந்தவளிடம் வந்து நின்றது.

"நீங்கதானே போன தடவை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டேள்? கருவாட்டுக் குழம்பு!"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"ஆமாய்யா."

"இன்னிக்கு யாருக்குச் சாப்பாடு?"

"எனக்குத்தான் சார்," நயினார் குறுக்கே பாய்ந்தார். "எந் தங்கச்சி. அண்ணனுக்குக் கொண்டாந்திருக்கா."

அண்ணன் கைகொடுத்துவிட்டார். இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாலடி நடந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறக்க வேண்டும். எளிய காரியம். தங்கை அண்ணனுக்குச் சோறு போடுவதைவிட இயல்பானது உலகில் என்ன இருக்கிறது? அந்தச் சோற்றோடு புருஷனின் கை மட்டும் போய்விடும்.

அவள் வாளியைத் தரையில் வைத்தாள்.

"இது எனக்குக் கொண்டாந்த சோறுய்யா."

"உங்களுக்கா?"

"வேல பாத்தாப் பசிக்காதா?" அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடித்து, பிளவுகளில் உப்பு வெளுத்துக் கிடந்தது. நகங்களின் ஓரம் தின்னப்பட்டிருந்தது. "அடுப்புல நின்ன கை இப்பிடி ஆகுமா? நீங்களே சொல்லுங்க. உப்பு உதறுதேன். இங்க வந்த நாள்லேருந்து உதறுதேன். போன தடவை உங்ககிட்ட நாந்தான் பொய் சொன்னேன். அதுக்கு எம் புருசன் கை பதில் சொல்லிக்கிட்டு இருக்கு."

டிரம் ஓய்ந்திருந்தது. மழை மட்டும் பேசிற்று.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை. "பயப்படாதேங்கோம்மா. கூலிக்கு வேலை பார்த்தா ஆம்பளை, பொம்மனாட்டி பேதம் சட்டத்துக்குக் கிடையாது. அடிபட்ட அன்னிக்கு இங்கே இருபது பேர் இருந்திருந்தா, அன்னிக்கே உங்க ஆத்துக்காரருக்குப் பாத்தியதை உண்டு. ஆனா..." அவர் தாளைப் பார்த்தார். "உங்களைச் சேர்த்தாப் பதினெட்டு. நான் பார்க்கறப்போ யாரும் வேலை பார்க்கலை. அவாளா சொன்னாத்தான் எழுத முடியும். இன்னும் ரெண்டு பேர் வேணும்."

இரண்டு பேர்! அங்கே ஐந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து தலைகளும் தரையை நோக்கியிருக்கின்றன.

"அக்கா..." என்றாள் பேராச்சி.

ஆறுமுகத்தாய் புருஷனின் தட்டில், ஏற்கெனவே நிறைந்த தட்டில், இன்னும் ஒரு அகப்பை சோற்றை வைத்தாள். நிமிரவில்லை.

எழுந்தவள் சைனப். ஜெயினுலாப்தீன் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"சைனப். எழுதுங்க. நானும் உப்புத்தான். பிள்ள பெத்துட்டு வந்தும் இதே உப்புத்தான்."

பத்தொன்பது.

ஒருவர் குறைகிறார். ஒரே ஒருவர். பேராச்சி சுற்றிலும் பார்த்தாள். நான்கு பெண்களிடமிருந்தும் ஒரு கண்கூட நிமிரவில்லை. அப்போது அவள் பார்வை அண்ணனின் இடுப்பில் போய் நின்றது.

"அண்ணே, நீ பங்காளிதானே?"

"என்னளா கேக்க? ஊருக்கே தெரியும்."

"உனக்கு என்ன பங்கு வருது?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன். தீபாவளிக்கு லாபம் பிரிச்சாவளா? தோல் வித்த பணத்துல உனக்கு ஒரு காசு வந்துதா? சனிக்கிழமையானா இவங்களோட வரிசையில நின்னுதானே நீயும் கூலி வாங்குத? இவியளுக்கு முன்னால உன்னைய விடுவாவ, அம்புட்டுத்தானே பங்கு?"

நயினாரின் முகம் இருண்டது. எத்தனை பேர் முன்னால்! தம்மைப் பார்த்து எழுந்து நின்ற ஆட்கள் முன்னால், சொந்தத் தங்கை!

"வாய மூடு பேராச்சி. உனக்கு சோறு போட்டவன் நான்."

"ஆமா. நீ போட்டதுதான். அந்தச் சோத்துமேல வச்சுக் கேக்கேன். உனக்கு இந்தக் கை போனா முதலாளி உன் வீட்டுக்கு எந்தத் தாளக் கொடுத்தனுப்புவாரு? பங்காளித் தாளா, குழாயடித் தாளா?"

நயினாரின் வலக்கை தானாக இடக்கையின் விரல்களைப் பற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள்.

அவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ நேரமாயிற்று. எவரும் உதவிக்குப் போகவில்லை. உப்புக் கிடங்கின் சாவி, இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த பலகையின்மேல் வந்து விழுந்தது.

"நயினார். மேஸ்திரி வேல." என்றார். "கூலி. எழுதிக்கிடுங்க."

இருபது.

"திங்கக்கிழமை என் மேலதிகாரியோட வருவேன்," என்றார் இன்ஸ்பெக்டர், குடையை விரித்தபடி. "இருபது பேரும் இதையே அவர்கிட்டயும் சொல்லணும். விபத்தைப் பத்தியும் அன்னிக்கே எழுதிக்கறோம். எங்கே, எப்படி அடிபட்டதுன்னு பார்த்தவா சொல்லணும். அதுவரைக்கும் யாரும் எந்தக் காகிதத்திலேயும் கைநாட்டு வைக்காதேங்கோ."

பேராச்சி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. சோற்று வாளியைக்கூட எடுக்காமல் மழையில் ஓடினாள்.

*

கோலியின் வாசலில் நின்றபோதே அவள் கண்ணில் பட்டவை மோசம்பி என்னும் சாத்துக்குடிப் பழங்கள். காகிதப் பை பிரிந்து, ஜன்னல் விளிம்பில் வரிசையாக, மஞ்சளாக, மினுமினுத்தன. அந்த வீட்டுக்குள் அதுவரை நுழையாத பழங்கள்.

"வந்துட்டியாளா?" பூதத்தானின் முகத்தில் நெடுநாளுக்குப் பின் ஒரு தெளிவு. "முதலாளியே வந்தாரு! இந்த மழையில, நம்ம கோலிக்கு, குனிஞ்சு உள்ள வந்தாரு பாத்துக்க. இந்தப் பாயில உக்காந்தாரு. பழத்த அவரே உரிச்சுக் கொடுத்தாரு."

அவசர ஜோலி என்னவென்று இப்போது தெரிகிறதா தோழர்களே?

"என்ன சொன்னாரு?" என்றாள் பேராச்சி.

"ஷாப்புல நீயும் உங்க அண்ணனும் சண்ட போட்டுக்கிடப் போறிய, நீ ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்னு நின்னா குடும்பம் என்னத்துக்காகும்னு கேட்டாரு. எனக்கும் அதான தோணிச்சு. உன்னோட கூடப்பிறந்தவரு. ஒத்தக் கைக்காக உன்ன அண்ணன் இல்லாதவளா ஆக்கிரலாமா?"

"அண்ணன் எம் பக்கம் நின்னாரு," என்றாள் பேராச்சி. "சாவியக் கழத்தி வச்சுட்டு எம் பக்கம் நின்னாரு. இருபது பேரு ஆயிட்டோம்."

பூதத்தானுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும், போர்வையின்மேல் கிடந்த தன் வலக்கையை மெதுவாகத் திருப்பினான்.

கட்டைவிரல் நீலமாயிருந்தது.

துடைத்திருக்கிறான். பழத்தோலில் தேய்த்திருக்கிறான். ரேகைகளுக்குள் புகுந்த மை போகவில்லை.

'குழாயடியில் விழுந்தேன்' என்று இங்கிலீஷில் சொல்லும் அந்தத் தாள் முதலாளியின் சட்டைப்பையில் மழையில் நனையாமல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. தங்கையை அண்ணனிடமிருந்து பிரிக்க மனமில்லாமல் தன் கையை எழுதிக் கொடுத்தவனும், புருஷனின் கைக்காக அண்ணனையே இழக்கத் துணிந்தவளும், ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, உரித்த பழத்தின் மணம்.

தாய்மார்களே! தோழர்களே! ஏமாற்றிப் பெற்ற ஒரு கட்டைவிரல் மை, சட்டத்தைவிடப் பெரியதா? திங்கட்கிழமை அந்தக் கேள்வி கேட்கப்படும். டிரம்மின் பெல்ட்டு கையை இழுத்ததைப் பதினாறு ஆண்கள் பார்த்தார்கள். ஆறு பெண்கள் பார்த்தார்கள். மேஸ்திரி பார்த்தார். குழாயடியில் அவன் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வாய் திறந்தால் தாள் வெறும் தாள். திறக்காவிட்டால் அதுவே விலங்கு.

ஆறுமுகத்தாய் திறப்பாளா? ஜெயினுலாப்தீன் திறப்பாரா? அது அவர்கள் பாடு. உங்களை நான் கேட்கிறேன். மாவு மில்லில், அச்சகத்தில், தையல் பட்டறையில், உங்கள் கண்ணெதிரே எத்தனை பெண்கள் சோறு கொண்டுவந்தவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்? உங்கள் வீட்டிலேயே ஜோடிக் கூலி வாங்குகிறவர் உண்டா? மாட்டுங்கா அன்பரே, உங்கள் ஆபீசுக்குப் பெட்டி தைத்துத் தரும் பட்டறையில் எத்தனை பேர் என்று என்றாவது கேட்டீர்களா?

நாளைக் காலை கேளுங்கள். எண்ணுங்கள். தெரியாத மொழித் தாளில் விரல் வைக்காதீர்கள், பிறரை வைக்கவும் விடாதீர்கள். அதிகாரி வந்து நிற்கும்போது எழுந்து நின்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவளிடம் குனிந்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேளுங்கள்.

அவள் சொல்லும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.